மேதகு: பிரபாகரன் வாழ்க்கைப் படங்களின் வரலாறு

மேதகு, தமிழீழ விடுதலைப் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனின் (1954–2009) இளமைக் காலத்தைச் சொல்லும் தமிழ்த் திரைப்படம். ரி. கிட்டு எழுதி இயக்கிய இப்படத்தைத் தமிழீழத் திரைக்களம் தயாரித்தது. பிரபாகரனாகக் குட்டிமணி என்ற நடிகர் நடித்தார். இசை பிரவீன்குமார். 2021 ஜூன் 25 அன்று திரையரங்குகளைத் தவிர்த்து இணையவழியில் வெளியிடப்பட்டது. 2022 ஓகஸ்டில் இரண்டாம் பாகம் இரா. கோ. யோகேந்திரனின் இயக்கத்தில் வந்தது. அதுவும் இணையவழிதான்.

பெயரே ஒரு நிலைப்பாடு. இலங்கையில் அரச அழைப்பிதழ்களிலும் பெயர்ப்பலகைகளிலும் சனாதிபதியின் பெயருக்கு முன் 'அதிமேதகு' என்று போடுவது வழக்கம். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி புலிகளின் ஆட்சியில் இருந்த காலத்தில் அவர்களின் வெளியீடுகள் 'மேதகு வே. பிரபாகரன்' என்று எழுதின. தமிழ்நாட்டில் உருவான படம் அந்த அடைமொழியைத் தலைப்பாக்கியபோது, யாருடைய பக்கம் நின்று கதை சொல்லப்போகிறது என்பதை முதல் சட்டகத்துக்கு முன்பே அறிவித்துவிட்டது.

வன்னியில் தலைவர் கதை

தலைவர் ஒருவரின் வாழ்வை ஊர் கூடிப் பார்ப்பது வன்னிக்குப் புதிதல்ல. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடிய மண்ணில், முல்லைமணி எழுதிய 'பண்டாரவன்னியன்' நாடகம் பல தலைமுறைகளுக்குத் தெரிந்த மேடைக் கதை. 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தவன் பண்டாரவன்னியன். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றான். அந்தத் தோல்விக்கு மக்கள் கதை வைத்திருக்கும் காரணம் காக்கை வன்னியன். வன்னியில் ஒருவனைக் 'காக்கை வன்னியன்' என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. காட்டிக்கொடுத்தவன் என்று பொருள்.

வீரன் ஒருவன், காட்டிக்கொடுப்பவன் ஒருவன், நடுவில் மண். மேடைக்கு இந்த அச்சு நன்றாகப் பொருந்தும். பிரபாகரனைப் பற்றிப் பின்னால் வந்த படங்களும் பெரும்பாலும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டன. அவற்றின் பலமும் பலவீனமும் அதிலிருந்தே வருகின்றன.

நிதர்சனம் முதல் எல்லாளன் வரை

பிரபாகரன் உயிரோடு இருந்த காலத்தில் அவரது வாழ்க்கையை யாரும் கதைப்படமாக எடுக்கவில்லை. ஆனால் அவரது இயக்கம் படமெடுத்தது. 1980களின் நடுவில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'நிதர்சனம்' பிரிவு 1990களில் வன்னிக்கு வந்து சண்டைக்களப் பதிவுகள், குறும்படங்கள், 'ஒளிவீச்சு' என்ற காணொளிச் சஞ்சிகை என்று இயங்கியது. தேசிய மின்கம்பி எட்டாத ஊர்களில் ஜெனரேட்டர் வைத்து, தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் கொண்டுவந்து படம் போடுவார்கள். எரிபொருள் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. தமிழ்நாட்டுப் படங்கள் புலிகளின் தணிக்கைக்குப் பிறகே மக்களிடம் வந்தன. 2005 மார்ச்சில் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி தொடங்கியது.

போர்நிறுத்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் வந்துபோனார்கள். 'உதிரிப்பூக்கள்' இயக்கிய மகேந்திரன் 2006இல் வன்னியில் தங்கி இளைஞர்களுக்குத் திரைக்கலை கற்பித்தார். அவருடைய மகன் ஜான் இயக்கி, நந்தாவும் மதுமிதாவும் நடித்த 'ஆணிவேர்' அதே ஆண்டு வந்தது. ஈழத்துக் கதையை ஈழத்து மண்ணிலேயே எடுத்ததுதான் அதன் சிறப்பு. 2007 ஒக்டோபர் 22இல் அநுராதபுரம் விமானத்தளத்தின் மீது நடந்த தாக்குதலை 'எல்லாளன்' என்ற படம் சொன்னது. வன்னியில் போர் நெருங்கிக்கொண்டிருந்தபோது படமாக்கப்பட்டு, போருக்குப் பிறகு வெளியே வந்த படம் அது.

இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் தலைவர் இருந்தார், கதாபாத்திரமாக இல்லை. சுவரில் தொங்கும் படமாக, கட்டளையாக, போராளிகளின் பேச்சில் 'அண்ணை'யாக இருந்தார். ஒரு மனிதனாக அவரைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் அவரது பிழைகளையும் காட்ட வேண்டியிருக்கும். அதைச் செய்யும் சுதந்திரம் அன்று வன்னியில் எவருக்கும் இருக்கவில்லை.

வெளியில் எடுக்கப்பட்டவை

வெளியே எடுக்கப்பட்ட படங்கள் இன்னொரு கரையில் நின்றன. துஷார பீரிஸ் இயக்கிய சிங்களப் படத்தின் பெயரே 'பிரபாகரன்'. தலைவரின் வாழ்க்கையை அது சொல்லவில்லை. தற்கொலைக் குண்டுதாரியாக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொன்னது. 2008 மார்ச்சில் பிரதி எடுக்கச் சென்னைக்கு வந்த இயக்குநர் அங்கே தாக்கப்பட்டார். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்தவரை அடித்தது வெட்கத்துக்குரிய செயல். ராஜீவ் காந்தி கொலையைச் சுற்றி ஆர். கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 2007இல் வந்தது. 2013 ஓகஸ்டில் வந்த இந்திப் படம் 'மெட்ராஸ் கஃபே' பிரபாகரனை அண்ணா பாஸ்கரன் என்ற பெயரில் காட்டியது; அஜய் ரத்னம் அந்த வேடத்தில் நடித்தார். எதிர்ப்பினால் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதைத் திரையிடவில்லை.

போருக்குப் பின், வன்னியின் செய்தி வாசிப்பாளரும் நடிகையுமான இசைப்பிரியாவின் கதையைச் சொன்ன 'போர்க்களத்தில் ஒரு பூ'வுக்கு 2015இல் இந்தியத் தணிக்கைக் குழு சான்றிதழ் மறுத்தது. 2018 நவம்பரில், பாபி சிம்ஹா பிரபாகரனாக நடிக்கும் 'சீறும் புலி' அறிவிக்கப்பட்டது. ஜி. வெங்கடேஷ் குமார் இயக்குவதாக இருந்த அந்தப் படம் பெயரோடும் முதல் தோற்றத்தோடும் நின்றது. திரையரங்குப் பாதை அடைபட்டுக் கிடந்த இந்தச் சூழலில்தான் உலகத் தமிழர்கள் கொடுத்த பணத்தில் உருவான 'மேதகு' இணையத்தைத் தேர்ந்தெடுத்தது. கொரோனாத் தொற்றினால் கொட்டகைகள் மூடிக்கிடந்த காலமும் அதற்கு வாய்ப்பாக அமைந்தது.

படத்தின் கதை

தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் ஆடப்படும் கூத்தின் வழியாக 'மேதகு' கதை சொல்கிறது. வல்வெட்டித்துறையில் காணி அதிகாரி திருவேங்கடம் வேலுப்பிள்ளைக்கும் பார்வதிக்கும் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த சிறுவன் வளரும் காலமே கதைக்களம். 1956இன் தனிச் சிங்களச் சட்டம், 1958 கலவரம், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், 1974 ஜனவரி 10இல் யாழ்ப்பாணத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் மக்கள் இறந்தது ஆகியவை அந்தத் தலைமுறை கண்டவை. சாதாரண அரச ஊழியரின் மகன் ஏன் துப்பாக்கி எடுத்தான் என்ற கேள்விக்கு இந்த ஆண்டுகளைத் தவிர்த்துப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை நேராகக் கேட்ட அளவில் படத்துக்கு மதிப்பு உண்டு. ஈழத்தைப் பின்னணிக் காட்சியாக மட்டும் வைத்துக் காதல் கதை சொன்ன பெரிய படங்களை விட இந்தச் சிறிய படம் அந்தக் கேள்வியை அக்கறையோடு அணுகியது.

முதல் பாகத்தின் கதை முடிவது 1975 ஜூலை 27இல். அன்று பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். பிரபாகரனுக்கு அப்போது இருபது வயது.

கூத்தின் அச்சு இங்கேதான் இடறுகிறது. துரையப்பா காக்கை வன்னியனாகிறார். உண்மையில் அவர் 1960இல் சுயேச்சையாக நின்று யாழ்ப்பாணத் தொகுதியை வென்றவர்; எளிய மக்களிடம் செல்வாக்குப் பெற்றிருந்தவர்; பின்னர் சிறிலங்கா சுதந்திரக் கட்சியில் சேர்ந்தவர். அவர் பெயரில் விளையாட்டரங்கு யாழ்ப்பாணத்தில் இன்றும் இருக்கிறது. அரசோடு சேர்ந்திருந்தார் என்பதற்காக வழிபடப் போன இடத்தில் கொல்லப்பட்ட ஒருவரின் சாவை வீரகதையின் வெற்றிக் காட்சியாக முடிப்பது பெரிய பிழை. அன்று பொன்னாலையில் ஒருவருக்கு ஒட்டப்பட்ட 'துரோகி' என்ற சொல் அங்கே நிற்கவில்லை. 1986 மேயில் இன்னொரு போராளி இயக்கமான ரெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தையும், 1989 ஜூலையில் தமிழ் அரசியல்வாதி அ. அமிர்தலிங்கத்தையும், 1999 ஜூலையில் நாடாளுமன்ற உறுப்பினர் நீலன் திருச்செல்வத்தையும் அது கொண்டுபோனது. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டார்கள். முல்லைத்தீவின் முஸ்லிம்களும் அதில் அடக்கம். 1975இல் கதையை நிறுத்திவிட்டால் இவை எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையில்

'மேதகு' இலங்கையில் எந்தக் கொட்டகையிலும் ஓட வாய்ப்பில்லாத படம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், பிரபாகரனின் படத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததற்காகவே இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். பார்த்தவர்கள் கைபேசியில், காதில் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு தனியே பார்த்தார்கள். ஊர் கூடிப் பார்த்து, பிறகு சந்தியில் நின்று சரி பிழை பேசும் வாய்ப்பு அந்தப் படத்துக்கு அமையவில்லை.

அதே தீவில் இன்னொரு ஆயுதக் கிளர்ச்சித் தலைவரின் வாழ்க்கைப் படம் 2019 ஜனவரியில் கொட்டகைகளில் ஓடியது. மக்கள் விடுதலை முன்னணியின் ரோகண விஜேவீரவைப் பற்றி அனுருத்த ஜயசிங்க இயக்கிய 'கின்னென் உபன் சீத்தல' அது. 1971இலும் 1987–89இலும் அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கி, 1989 நவம்பரில் கொல்லப்பட்டவர் விஜேவீர. கமல் அத்தரஆராச்சி அவராக நடித்தார். சிங்கள மக்கள் அதைப் பார்த்து வாதிட்டார்கள். சிலர் அழுதார்கள், சிலர் ஏசினார்கள். அதற்குக் கிடைத்த இடம் தமிழருக்கும் கிடைக்க வேண்டும். தடை இருக்கும்வரை புகழ்ச்சிப் படம் மட்டுமே வெளியிலிருந்து வரும். புகழ்ச்சியைக் கேள்வி கேட்கக் கூடியவர்கள் வாய் மூடியிருப்பார்கள்.

போருக்குப் பின் இந்தத் தலைவரின் கதையை வன்னி மண்ணில் பகிரங்கமாகச் சொன்னது ஒரே ஒரு தரப்பு. பரந்தன்–முல்லைத்தீவு வீதி வழியே தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்த சனத்துக்கு, புதுக்குடியிருப்புப் பகுதியில் பிரபாகரனின் நிலக்கீழ் பதுங்கறையை இராணுவம் காட்டியது. 2013 ஒக்டோபரில் அதைக் குண்டு வைத்துத் தகர்த்தது.

உடையார்கட்டு

அந்த பஸ்கள் கடந்துபோன ஊர்களில் ஒன்று உடையார்கட்டு. விசுவமடுவுக்கும் சுதந்திரபுரத்துக்கும் இடையில், குளத்தையும் வயலையும் நம்பி வாழும் ஊர். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்த பிறகு சனம் கிழக்கே நகர்ந்தது. உடையார்கட்டுப் பாடசாலை தற்காலிக வைத்தியசாலையானது. அந்த மாதம் அரசாங்கம் உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கத்தில் ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றரைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. நம்பி வந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்தன, வைத்தியசாலையும் தப்பவில்லை. இராணுவத்தின் எறிகணைகள் பற்றியும், மக்கள் நடுவில் புலிகள் பீரங்கிகளை வைத்திருந்ததைப் பற்றியும், தப்பியோட முயன்றவர்களைப் புலிகள் சுட்டதைப் பற்றியும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது.

அதற்கு முந்தைய ஆண்டுகளும் இங்கே வாழ்ந்தவர்களுக்கு மறக்காது. வன்னியை விட்டு வெளியேறப் 'பாஸ்' எடுக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை இயக்கத்துக்கு. கொடுக்காத வீட்டில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகளைக் காட்டுக்குள் ஒளித்துவைத்த பெற்றோரும், அவசரம் அவசரமாகக் கலியாணம் செய்துவைத்த பெற்றோரும் இருந்தார்கள். விரும்பிப் போன பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களின் நம்பிக்கையும் உண்மை. அண்ணை இருக்கும்வரை பயமில்லை என்று படுத்துறங்கிய காலத்தைச் சொல்லும் அதே வாய், கடைசி மாதங்களில் பிள்ளையைப் பறிகொடுத்ததையும் சொல்லும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் வன்னிச் சனத்துக்கு முரண் எதுவும் தெரியவில்லை. அவர்கள் வாழ்ந்தது அப்படித்தான்.

பிரபாகரன் என்ற அரசியல் தலைவரின் கதை உண்மையில் இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது: பொலிஸும் நீதிமன்றமும் வைத்து ஆண்ட ஆண்டுகள், பேச்சுவார்த்தைக்குப் போய்த் திரும்பிய ஆண்டுகள், சனத்தையும் சேர்த்துப் போர் முடிந்த நந்திக்கடல்வரை கொண்டுபோன மாதங்கள். இரண்டு பாகம் வந்தும் 'மேதகு' இந்த ஆண்டுகளைச் சனத்தின் வாயால் சொல்லவில்லை. 'மெட்ராஸ் கஃபே'க்கு அந்தச் சனம் தேவைப்படவில்லை.

அடுத்த பாகம் எடுப்பவர்கள் கதையை எழுதத் தொடங்குமுன் பரந்தன் சந்தியில் பஸ் ஏறி உடையார்கட்டில் இறங்கட்டும். பிள்ளையை மனமார அனுப்பிய தாயிடமும், பிடித்துக்கொண்டு போன பிள்ளையை இன்னும் தேடும் தாயிடமும், கதைக்க அவர்கள் சம்மதித்தால், ஒரே திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டும்.