கரிவாயு பஸ்

1939இல் மூண்ட உலகப்போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. நம் பஸ்களின் பின்புறம் கரியடுப்பு ஏறியது. குறைந்த காற்றில் எரிந்த கரி தரும் கார்பன் மோனாக்சைடே எஞ்சினுக்கு உணவு. பெட்ரோலின் வலிமை அதற்கில்லை.

தஞ்சைச் சமவெளியில் மேடேது என்பீர்கள். தஞ்சையிலிருந்து திருவையாறு செல்ல வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி ஐந்தையும் கடக்கவேண்டும். ஒவ்வொரு பாலத்தின் ஏற்றமும் ஒரு சோதனை என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வண்டி திணறினால் தேர்ந்த டிரைவர் எஞ்சினைத் தொடமாட்டார். கரி ஈரமா, வடிகட்டியைச் சாம்பல் அடைத்ததா, குழாயில் விரிசலா என்றே முதலில் பார்ப்பார். ஐப்பசி மழையில் ஐயமெல்லாம் கரியின்மேல்தான். விரிசல்தான் பொல்லாதது. ஓடும்போது காற்றை உள்ளிழுத்து வலிமையைக் குறைக்கும். வண்டி நின்றபின், அடுப்பு ஆறுமுன், அதே வழியாக மணமற்ற நச்சுவாயு கசியும். மூடிய கொட்டகையில் அவ்வண்டியருகே உறங்குபவர் விழிப்பது நிச்சயமில்லை.