உகாண்டாவில் சர்க்கரைத் தொழில்

உகாண்டாவின் சர்க்கரைத் தொழில் விக்டோரியா ஏரியின் வடகரையில், குஜராத்தி வணிகர்களின் கையில் பிறந்தது. நாஞ்சி காளிதாஸ் மேத்தா 1924-இல் கம்பாலாவுக்கும் ஜிஞ்சாவுக்கும் இடையிலுள்ள லுகாசியில் நாட்டின் முதல் ஆலையை நிறுவினார். 1930-இல் முல்ஜிபாய் மத்வானியின் ஆலை ஜிஞ்சாவுக்குக் கிழக்கே ககிராவில் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் உள்ள பகுதியாதலால், ஆண்டின் பெரும்பகுதியும் அங்கே அரவை நடத்த முடியும்.

வெட்டிய கரும்பு ஓரிரு நாளில் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் காய்ந்து புளித்து, சர்க்கரைச் சத்தை இழந்துவிடும். எனவே ஆலையைச் சுற்றியே கரும்பு நின்றாக வேண்டும். ஆலை வைப்பவருக்கு எந்திரத்தைவிட நிலமே முதல் கேள்வி. இத்தொழிலின் பிற்காலப் பூசல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே கிளைத்தவை. லுகாசியும் ககிராவும் தோட்டம், தொழிலாளர் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என ஆலையைச் சுற்றித் தனி ஊர்களாகவே வளர்ந்தன. வெட்டுக்கூலிகளில் பலர் நாட்டின் வடமேற்கிலிருந்தும் ருவாண்டா, புருண்டியிலிருந்தும் வந்தவர்கள்.

1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உற்பத்தி 1.4 லட்சம் டன்னைத் தொட்டது. 1972 ஆகஸ்டில் இடி அமீன், ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். முல்ஜிபாயின் மகன் மனுபாய் மத்வானி சிறிது காலம் மகிண்டியே ராணுவச் சிறையில் அடைபட்ட பின் நாட்டை விட்டுச் சென்றார். ஆலைகள் அரசின் கைக்குப் போயின. உதிரிபாகம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. தேர்ந்த பொறியாளர்களும் இல்லை. கரும்பு வயல்கள் புதர் மண்டின. சர்க்கரை, ‘மகெண்டோ’ எனப்பட்ட கள்ளச்சந்தையின் முதன்மைச் சரக்குகளுள் ஒன்றானது. மேற்கே மசிண்டி அருகே 1970-களில் அரசு தொடங்கிய கின்யாரா ஆலையும் நிலைக்கவில்லை. 1980-களின் நடுவில் உற்பத்தி அநேகமாக அற்றுப்போயிற்று.

அமீன் ஆட்சி முடிந்த பின் பழைய உரிமையாளர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். உலக வங்கி உள்ளிட்டோரின் கடனுதவியுடன் லுகாசியும் ககிராவும் 1980-களின் இறுதியை ஒட்டி மீண்டும் அரைக்கத் தொடங்கின. கின்யாரா 1990-களின் நடுவில் உயிர்பெற்று, பின்னர் தனியாருக்கு விற்கப்பட்டது. ககிரா ஆலை கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து, தன் தேவைக்குப் போக மீதியை நாட்டின் மின்தொகுப்புக்கு விற்கிறது.

இம்முறை விரிவாக்கத்துக்குக் காலி நிலம் எளிதில் கிடைக்கவில்லை. லுகாசி ஆலைக்காக அருகிலுள்ள மபிரா காட்டில் ஏறத்தாழ கால்பங்கை, அதாவது 7,100 ஹெக்டேரை, ஒதுக்க அரசு முனைந்தது. 2007 ஏப்ரலில் கம்பாலாவில் நடந்த எதிர்ப்புப் பேரணி கலவரமாகி, இந்தியர் ஒருவர் உட்படச் சிலர் உயிரிழந்தனர்; திட்டம் அப்போது கைவிடப்பட்டது. அன்று தாக்கப்பட்ட இந்தியர்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை. 1972-இன் கசப்பு முற்றிலும் ஆறவில்லை என்பதையே அந்த வன்முறை காட்டியது.

ககிரா அமைந்துள்ள புசோகா வட்டாரத்தில் ஆலைகள் வேறு வழி கண்டன: பதிவு விவசாயிகள் தங்கள் சிறு நிலத்தில் விளைவித்துத் தரும் கரும்பு. புதிய ஆலைகள் பெருகியதும் அந்தக் கரும்புக்குப் போட்டி மூண்டது. ஆலைக்கு ஆலை 25 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்ற 2010-இன் கொள்கையைப் பழைய ஆலைகள் ஆதரித்தன; தங்கள் கரும்புக்கு ஒரே ஆலைதான் என்றால் விலையும் ஆலை வைத்ததாகிவிடும் என்பது உழவர் தரப்பு. 2020-இல் சர்க்கரைச் சட்டம் வந்த பின்னும் இந்த வழக்கு ஓயவில்லை. உணவுப் பயிர் நிலம் கரும்புக்குப் போவதும், சிறுவர்கள் பள்ளியை விட்டுக் கரும்பு வெட்டப் போவதும் அங்கே தொடரும் குறைகள்.  

வடக்கே அமுருவில் மத்வானி குழுமம் கேட்ட நிலத்தை, உள்நாட்டுப் போர் முகாம்களிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த அச்சோலி மக்கள் தர மறுத்தனர். 2012-இல் முதிய பெண்கள் ஆடை களைந்து நின்று அதிகாரிகளை மறித்தனர். அச்சோலி மரபில் அது கடுஞ்சாபம். அதே மாவட்டத்தின் அட்டியாக்கில் அரசும் பங்கு போட்டு அமைத்த ஆலை 2020-இல் திறக்கப்பட்டது. அதன் கரும்புத் தோட்டங்கள் பலமுறை தீக்கிரையானதால் ஆலைக்குப் போதிய கரும்பு கிடைக்கவில்லை.