இதயத் துளையடைப்பும் வன்னியின் நெடுவழியும்

இதயவறைப் பிரிசுவர்த் துளை எனப்படுவது, இதயத்தின் கீழறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரில் பிறவியிலேயே மூடாமல் விடுபட்ட இடைவெளியாகும். வன்னியில் ‘இதயத்தில் ஓட்டை’ என்று சொல்லப்படும் இக்குறைக்கான சிகிச்சையின் வரலாற்றை, கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் வவுனியாவையும் பொறுத்தவரை, வன்னியூடாகச் செல்லும் ஏ-9 வீதியின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

1954 மார்ச்சில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை, தந்தையின் குருதியோட்டத்தோடு குழந்தையின் குருதியோட்டத்தை இணைத்து, நெஞ்சைத் திறந்து இத்துளையை மூடினார். 1988இல் ஜேம்ஸ் லொக்கும் அவரது குழுவினரும், குருதிக்குழாய் வழியே செலுத்தப்படும் கதீற்றர் என்னும் மெல்லிய குழாயைக் கொண்டு, நெஞ்சைத் திறவாமலே துளையை அடைத்ததை வெளியிட்டனர். லில்லிஹையின் அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கேர்ட் அம்பிளாற்ஸ் பின்னர் நிற்றினோல் என்னும் நிக்கல்–தைத்தேனியக் கலப்புலோகக் கம்பியால் அடைப்பான் பின்னினார். குழாய்க்குள் ஒடுங்கிச் சென்று, வெளிவந்ததும் இரு தட்டுகளாக விரிந்து சுவரை இருபுறமும் கவ்விக்கொள்வது அதன் இயல்பு.

தசைப் பகுதித் துளைகளுக்கு இது நன்கு பொருந்தியது. சிக்கல் எழுந்தது, சுவரின் மேற்பகுதியிலுள்ள சவ்வை அண்டிய துளைகளில்தான். அத்துளைக்குச் சில மில்லிமீற்றர் மேலே பெருநாடி வால்வும், வலப்புறத்தில் முக்கூர் வால்வின் இதழும் அமைந்திருப்பதால், இடத்தட்டின் விளிம்பு பெருநாடி வால்வின் இதழில் உரசினால் அது முழுமையாக மூடாமல் குருதி பின்னொழுகும்; வலத்தட்டில் முக்கூர் வால்வின் நாண்கள் சிக்கினால் அவ்வால்வும் கசியும். 2002 அளவில் பயன்பாட்டுக்கு வந்த சமச்சீரற்ற அடைப்பானில் பெருநாடிப் பக்க விளிம்பு அரை மில்லிமீற்றராகக் குறைக்கப்பட்டமை இதன்பொருட்டே. ஆயினும் இதயத்தின் மின்கடத்தல் முற்றாகத் தடைப்படும் வேறோர் ஆபத்து அதனைத் தொடர்ந்தது. பழி முழுவதையும் அடைப்பான்மீது சுமத்துவதும் நியாயமன்று: மூடப்படாத துளையூடாகப் பாயும் குருதியே பெருநாடி வால்வின் இதழைக் கீழிழுத்துக் கசியச் செய்வதுண்டு.

இத்தகைய கசிவுகளிற் பெரும்பாலானவை சிறியவை. ஆண்டுக்கணக்கில் மாறாமலே இருப்பவை. சில மட்டும் வளர்ந்து, அடைப்பானை அகற்றி வால்வைச் செப்பனிடும் சத்திரசிகிச்சையை வேண்டிநிற்கும். தொடக்கநிலைக் கசிவு ஸ்ரெதஸ்கோப்பில் கேளாமற் போகலாம் என்பதால், ஒலியலைகளால் இதயத்தைப் படமாக்கும் எக்கோ பரிசோதனையைக் காலந்தவறாது செய்வதே அதனைக் கண்டறியும் வழியாகும்.

லொக்கின் கட்டுரைக்கும் சமச்சீரற்ற அடைப்பானுக்கும் இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி, வவுனியா நகருக்கு வடக்கே, மருந்துக்குத் தடையும் பயணத்துக்குப் பாசும் இருந்த போர்க்காலமாகும். 2002 போர்நிறுத்தத்தோடு திறந்த ஏ-9 பாதை 2006 ஓகஸ்டில் முகமாலையில் மூடுண்டது. 2009 பெப்ரவரி தொடக்கம் காயமுற்றோரும் நோயாளரும் புதுமாத்தளன் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றப்பட்டனர். மாதந்தவறாத கண்காணிப்பு என்பது அந்நாட்களில் பொருளற்ற சொல்லாயிற்று.

இன்று பாதை திறந்துள்ளது. எனினும் இச்சிகிச்சைக்காகக் குழந்தைகள் செல்லும் கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. கிளினிக் கொப்பியில் குறித்த ஒவ்வொரு திகதியும் கூலித்தொழிலாளிக்கு இரவுப் பேருந்துக் கட்டணமும் இழந்த நாட்கூலியுமாகவே கழிகிறது. துளையடைப்பது தொலைநகரில் நடக்கலாம். அதன் பிறகான எக்கோ பரிசோதனை வன்னிக்குள்ளேயே, குழந்தை இதய மருத்துவரின் தவறாத வருகையோடு நடைபெற வேண்டும்.