ராஜா சாண்டோ: ஊமைப்படம் வளர்த்த இயக்குநர்

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' திரையிடப்பட்ட செய்தியோடு சென்ற இதழின் அத்தியாயம் நிறைவுற்றது. ஊமைப்படங்களில் கைதேர்ந்தவர்களுள் பேசும்படத்திலும் நிலைத்து நின்றவர் யார் என்ற வினாவுக்கு விடையாக, 1935-இல் வெளிவந்த 'மேனகா'வும் அதனை இயக்கிய பி.கே.ராஜா சாண்டோவும் இந்த அத்தியாயத்தின் பொருளாகின்றனர். அந்தப் படத்தின் அருமை புலப்பட வேண்டுமானால் அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளில் அவர் கடந்து வந்த வழி முதலில் புலப்பட வேண்டும். நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' என்னும் ஊமைப்படம் முதல் ஏ.நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் நிறுவனம் வரையிலான கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே ஆதலால், நேரே புதுக்கோட்டைக்குச் செல்லலாம்.

புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கத்துக்கு 'சாண்டோ' என்னும் பெயர் ஐரோப்பியப் பயில்வான் ஒருவரிடமிருந்து வந்து சேர்ந்தது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867-இல் பிறந்து, உடலழகையே மேடைக் காட்சியாக்கி உலகைச் சுற்றிவந்த யூஜின் சாண்டோ 1904-05 காலத்தில் இந்தியாவிலும் நிகழ்ச்சிகள் நடத்திச் சென்றார். அதன்பின் கட்டுடல் படைத்த இளைஞரைச் 'சாண்டோ' என்று அழைப்பது நாடெங்கும் வழக்கமாயிற்று. பிற்காலப் படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் அதே பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆந்திரத்தின் கோடி ராமமூர்த்தி நாயுடு மார்பின்மேல் யானையை நிறுத்தி மக்களை மெய்சிலிர்க்க வைத்த காலமும் இதுவே. அடிமைப்பட்ட நாட்டில், வெள்ளையருக்கு உள்ள உடல்வலிமை இந்தியருக்கு இல்லை என்று பேசப்பட்ட நாளில், கர்லாக்கட்டை சுழற்றிய ஒவ்வோர் இளைஞரும் அந்தப் பேச்சுக்குத் தம் தோள்களால் மறுப்புரைத்தவர் ஆவார். தேகப்பயிற்சிக் கூடங்களில் உருவான இந்த வீரர்களுக்குத் திரைப்பட வரலாற்று நூல்கள் ஒரு வரிகூட ஒதுக்காமல் கடந்துபோவது பெரும் குறையாகும்.

உடற்பயிற்சியில் தேர்ந்த நாகலிங்கம் பம்பாய் சென்று, எஸ்.என்.பாடண்கரின் நேஷனல் பிலிம் கம்பெனியில் சண்டைக் காட்சிகளிலும் துணிகரக் காட்சிகளிலும் நடிப்பவராகச் சேர்ந்தார். 1922-இல் வெளியான 'பக்த போதனா'வில் முதன்மை வேடம் கிடைத்தது. அதற்கு அவர் பெற்ற ஊதியம் 101 ரூபாய். மறு ஆண்டு வெளிவந்த 'வீர் பீம்சேன்' அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. குஜராத்தியரும் மராட்டியரும் ஆண்ட பம்பாய்ப் படவுலகில் ஒரு தமிழர் கதாநாயகராக உயர்ந்ததற்கு, திரைக்கு அன்று மொழி இல்லாமல் இருந்ததே முதற்காரணம். நடிகரின் தாய்மொழி எது, உச்சரிப்பு எத்தகையது என்று எவரும் கேட்கவில்லை. உடலும் முகமும் பேசினால் போதுமானதாக இருந்தது. 1926-இன் 'டெலிபோன் கேர்ள்' படத்தில் சுலோசனா என்னும் ரூபி மையர்ஸுடனும், 1927-இன் 'குணசுந்தரி'யில் கோஹருடனும் நடித்தபோது, பயில்வானாக அறிமுகமானவர் குடும்பத் தலைவராகவும் காதலராகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். இந்த மாற்றமே அவருடைய வாழ்வின் முதல் பெரும் வெற்றி.

ஓடும் திரைப்படம் ஓர் ஊரில் எவ்வாறு காணப்பட்டது என்பதை அறியாமல், ஊமைப்பட நடிகரின் ஆற்றலை அளவிட இயலாது. அதற்கு அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் திண்டிவனம், விழுப்புரம் ஆகிய இரு வட்டங்களைக் காட்டிலும் பொருத்தமான நிலம் வேறில்லை. சென்னை எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக வந்த தென்னிந்திய ரயில்வேயின் பாதை விழுப்புரத்தில் கிளைபிரிந்து, கிழக்கே புதுச்சேரிக்கும், வடமேற்கே திருவண்ணாமலை, காட்பாடிக்கும், தெற்கே கடலூர், சிதம்பரம் வழியாகத் தஞ்சைத் தரணிக்கும் சென்றது. தென்னகத்தில் சலனப்படம் பரவியது ரயில் பாதை ஓரமாகத்தான். அதே ரயில்வேயில் திருச்சியில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ட்யூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படங்காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டத் தொடங்கியவர். டூரிங் சினிமா என்று பின்னாளில் அழைக்கப்பட்ட தொழிலின் முன்னோடி அவரே.

கூடாரக்காரர்கள் திருவிழாக் கூட்டத்தை நாடிச் செல்வது வழக்கம். இந்தப் பகுதியில் மயிலம் முருகன் கோயிலின் பங்குனி உத்திரமும் மேல்மலையனூர் அங்காளம்மனின் மயானக் கொள்ளையும் பல்லாயிரவரைக் கூட்டுவன. 1918-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டத்தின்படி, படம் காட்டும் இடத்துக்கு மாவட்ட நிர்வாகத்தின் உரிமம் தேவைப்பட்டது. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருளை வைத்துக்கொண்டு துணிக்கூடாரத்தில் தொழில் நடத்தியதால் அந்தக் கெடுபிடி நியாயமானதே. சுருள் ஒன்று ஏறத்தாழ 1,000 அடி நீளம். அடிக்கு 16 சட்டகங்கள் வீதம், நொடிக்கு 16 சட்டகங்களாகக் கையால் சுழற்றினால் அது ஓடி முடிய 1,000 நொடிகள், அதாவது பதினாறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கருவி ஒன்றே இருந்த கூடாரத்தில் ஒவ்வொரு சுருளுக்குப் பின்னும் படம் நிற்கும், விளக்கு எரியும், சோடாக்காரரும் முறுக்குக்காரரும் உள்ளே வருவர். இடையிடையே உரையாடலைக் காட்டும் எழுத்துகள் திரையில் தோன்றும்; தரையில் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர் ஆதலால், திரையின் ஓரத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். வசனத்தைத் தாமே இட்டுக்கட்டிச் சொல்வதும், சண்டைக் காட்சியில் குரலை உயர்த்தி மக்களை எழுந்து நிற்கச் செய்வதும் அவருடைய திறமை.

அவ்வாறு கதை சொன்னவருக்கும் அவரைக் கேட்டவர்களுக்கும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி ஆராயத்தக்கது. தென்னாற்காடு தெருக்கூத்தின் தாய்நிலம். செஞ்சிக்கருகே உள்ள மேலச்சேரியைத் திரௌபதியம்மன் வழிபாட்டின் மூலத்தலமாகப் போற்றும் இப்பகுதியில், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவு விடிய விடியக் கூத்தும் நடந்து, இறுதியில் களிமண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நிகழ்த்தப்பெறும். கூத்தில் கட்டியங்காரன் பாத்திரங்களை அறிமுகப்படுத்துகிறான், கதையை விளக்குகிறான், நடுவே அவையோரோடு பேசவும் செய்கிறான். திரையோரம் நின்று கதை சொன்னவர் கட்டியங்காரனின் வேலையையே கூடாரத்துக்குள் செய்தார் என்று கொள்வதில் தவறில்லை. அயல்நாட்டுக் கருவி இம்மண்ணில் வேரூன்ற இத்தகைய உள்ளூர் மரபே நீர் வார்த்தது. இதனை மறந்து, சினிமாவை முற்றிலும் மேல்நாட்டு இறக்குமதி என்று கூறும் ஆய்வாளர்கள் பாதி உண்மையையே கூறுகின்றனர்.

கூத்தில் வீமன் எவ்வாறு வீமன் ஆகிறான் என்பதையும் இங்கே நோக்க வேண்டும். எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றைக் கட்டியும், முகத்தில் அரிதாரத்தை அழுத்தமாகப் பூசியும், மெலிந்த உடல் கொண்ட உழவர் ஒருவர் இரவு முழுவதும் பேருருவாக நிற்பார். கூத்தரின் தோள் மரத்தால் அகன்றது. ராஜா சாண்டோவின் தோளோ பயிற்சியால் அகன்றது. எந்த அணியும் இல்லாத உடலே வேடமாக நின்ற காட்சி, புராண வீரரைக் கட்டைகளின் வழியே கண்டு பழகிய மக்களுக்குப் புதுமையாகவே இருந்திருக்கும். புராணப் பாத்திரத்தை மனித உடலாகக் கண்டுவிட்ட கண், அடுத்த கட்டமாகத் தன்னைப் போன்ற மனிதரையே திரையில் காண ஆயத்தமாகிறது. சாண்டோ இயக்குநராகி எடுத்த சமூகப்படங்களுக்கு இந்த ஆயத்தமே அடித்தளம்.

'சினேகஜோதி' வழியாக இயக்குநரான அவர், பம்பாய் ரஞ்சித் நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்குப் படங்களை இயக்கினார்; பின்னர்ச் சென்னையில் ஆர்.பத்மநாபன் நடத்திய அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்துக்காகத் தமிழகம் வந்தார். 1930, 31 ஆண்டுகளில் 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அநாதைப் பெண்', 'உஷா சுந்தரி' ஆகிய ஊமைப்படங்கள் அவருடைய இயக்கத்தில் வரிசையாக உருவாயின. புராணத்தைத் தவிர வேறு விலைபோகாது என்று முதலாளிகள் நம்பிய காலத்தில், ஆதரவற்ற பெண்ணையும் தீண்டாமையையும் பொருளாகக் கொள்ளத் துணிந்தது பாராட்டுக்குரியது. நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களைத் திரையில் காட்டும் வழக்கத்தைப் பரப்பியவரும், 'ராஜா சாண்டோவின் படம்' என்று இயக்குநர் பெயரால் விளம்பரம் செய்தவரும் அவரே. ஒரு படத்துக்கு ஆசிரியர் உண்டு, அவர் இயக்குநர் என்னும் கருத்தைத் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஒட்டிக் காட்டியவர் என்று அவரைக் கூறலாம்.

அவருடைய பட்டறையில் பயின்றவர்களின் பெருமையும் சிறிதன்று. கும்பகோணத்து வழக்கறிஞர் கே.சுப்பிரமணியம் அவருடைய ஊமைப்படங்களுக்குத் திரைக்கதை எழுதியே இத்துறைக்குள் நுழைந்தார். பின்னர் 'பவளக்கொடி'யையும் 'தியாகபூமி'யையும் இயக்கிப் புகழ்பெற்றார். ராஜா சாண்டோவின் படங்களில் நடித்த டி.பி.ராஜலட்சுமி 'காளிதாஸ்' படத்தின் நாயகியாகி, 1936-இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். இத்தனை பேருக்கு வழிதிறந்தவரை ஒதுக்கிவிட்டு, தமிழ்த் திரை வரலாற்றை 1931-இல் பாட்டோடு தொடங்குவது நன்றியற்ற செயல். விழுப்புரத்தில் 1928-இல் பிறந்த சிவாஜி கணேசனின் வசனச் சிறப்பை நாடறியும். ஆயினும் அவருடைய கண்ணும் புருவமும் நடையும் பேசியவற்றை வியப்போர், ஒலியின்றி அதே வேலையைச் செய்த தலைமுறை ஒன்று முன்னே இருந்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

ராஜா சாண்டோவின் தமிழக ஊமைப்படங்களில் ஒன்றுகூட இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. தென்னிந்திய ஊமைப்படங்களுள் எஞ்சியதாக அறியப்படுவது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' மட்டுமே. பேசும்படம் வந்தபின் பழைய சுருள்களைக் காசு பெறாத குப்பையாகக் கருதியும், அவற்றிலிருந்த வெள்ளியைப் பிரித்தெடுத்தும் அழித்த வணிகர்களை மன்னிப்பதற்கில்லை. தீயும் வெப்பமும் அழித்தவற்றுக்கு இயற்கையைக் குறைகூறலாம். அறிந்தே அழித்தவற்றுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

டி.கே.எஸ். சகோதரர்களும் என்.எஸ்.கிருஷ்ணனும் முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'மேனகா'வின் படப்பிடிப்பும், நாடக மேடையில் வளர்ந்த அந்தக் குழுவை ஊமைப்பட ஆசிரியர் பழக்கிய விதமும் ஓர் அத்தியாயம் முழுவதையும் வேண்டுவன ஆதலால், அவை அடுத்த இதழுக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. நடிகர் பாகவதரை வைத்து 1939-இல் எடுத்த 'திருநீலகண்டர்', 1942-இன் 'ஆராய்ச்சிமணி' ஆகியவற்றுக்குப் பின், 1943 நவம்பரில் ராஜா சாண்டோ கோயம்புத்தூரில் காலமானார். தமிழக அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் கூடாரப் படக்காட்சி நடத்திய குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய துண்டு விளம்பரங்களையும் பாட்டுப் புத்தகங்களையும் உரிமத் தாள்களையும் பழைய பேப்பர் கடைக்குப் போடாமல், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று இத்தொடர் கேட்டுக்கொள்கிறது.