விலைக்கு வாங்கிய அனுமதிப்பத்திரம்

மின்னிணைப்பாளராயினும் சாரதியாயினும், தொழில் அனுமதிப்பத்திரம் என்பது பொதுமக்களின் உயிருக்கு அரசு வழங்கும் உத்தரவாதம். அமெரிக்காவில் அந்த உத்தரவாதம் விலைபோன வரலாறொன்று உண்டு.

1994 நவம்பர் 8ஆம் திகதி, விஸ்கொன்சின் மாநில நெடுஞ்சாலையில் சென்ற பாரவூர்தியொன்றின் பாகம் கழன்று தொங்கியது. ஏனைய சாரதிகள் வானொலித் தொடர்பில் ஆங்கிலத்தில் எச்சரித்தும் பாரவூர்தி நிற்கவில்லை. விழுந்த பாகம் பின்னால் வந்த வாகனத்தின் எரிபொருள் தாங்கியைத் துளைத்தது. மூண்ட தீயில் ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகள் மாண்டனர்.

பாரவூர்திச் சாரதியின் அனுமதிப்பத்திரம் அயல் மாநிலமான இல்லினோயில் இலஞ்சம் கொடுத்துப் பெறப்பட்டது என்பது பின்னர் வெளிப்பட்டது. அங்கு இவ்வாறு திரண்ட இலஞ்சப் பணத்தில் ஒரு பகுதி, அத்திணைக்களத்துக்குப் பொறுப்பாயிருந்த ஜோர்ஜ் றயனின் தேர்தல் நிதிக்குச் சென்றிருந்தது. பின்னாளில் ஆளுநராகிவிட்ட அவர், 2006இல் ஊழல் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இலஞ்சம் கொடுத்தவரோ வாங்கியவரோ எரிந்த அவ்வாகனத்தில் இருக்கவில்லை.