வேலைக்குப் பதில் கப்பல் சீட்டு: பெருமந்தக் கால மலாயாவின் நிவாரணக் கொள்கையும் பினாங்கும் (1930–1938)

1930 ஆகஸ்டில் தென்னிந்தியத் தொழிலாளரை மலாயாவுக்கு ஆள்சேர்த்துக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. அதுவரை நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றிவந்து பினாங்கில் இறக்கிய கப்பல்கள் அதன்பின் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. 1930 முதல் 1932 வரை அரசுச் செலவிலும் முதலாளிமார் நிதியிலும் ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். 1931 குடிமதிப்பின்படி மலாயா முழுவதும் இருந்த இந்தியர் ஏறத்தாழ 6.2 இலட்சம் பேர்தான். உலகப் பொருளாதார மந்தத்தை எதிர்கொள்ளக் குடியேற்ற அரசு வகுத்த திட்டங்களிலெல்லாம் பெரியது இந்த வெளியேற்றமே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். ரப்பர் விலையைக் காத்த ஒப்பந்தங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவை பலன் தரும்வரை தோட்டங்கள் தாக்குப்பிடித்தது தொழிலாளரைக் கழித்துக்கட்டியதால்தான்.

மலாயாவின் ரப்பரை அதிகம் வாங்கியது அமெரிக்க மோட்டார்த் தொழில். உற்பத்தியைக் கட்டுப்படுத்திவந்த ஸ்டீவன்சன் திட்டம் 1928இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1929இல் ராத்தலுக்கு 34 காசு அளவில் இருந்த ரப்பர் 1932இல் ஏழு காசுக்கு வந்தது. ஈயமும் உடன் வீழ்ந்தது. 1931இல் பன்னாட்டு ஈயக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்து சுரங்கங்களின் உற்பத்தி குறைக்கப்பட, பினாங்கின் டத்தோ கிராமாட்டிலும் பட்டர்வொர்த்திலும் இருந்த ஈய உருக்காலைகளுக்குத் தாது வரத்து சுருங்கியது. தோட்டத்தையும் சுரங்கத்தையும் நம்பி வாழ்ந்த துறைமுக நகரம் பினாங்கு. விலை விழுந்ததும் மூட்டை தூக்குபவர் முதல் மொத்த வியாபாரி வரை யாரும் தப்பவில்லை.

தோட்டத்துக்குள் என்ன நடந்தது என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கில் பார்க்கலாம். போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நியமக் கூலியாக இருந்தன. 1930இல் இவை 40, 32 என்று குறைக்கப்பட்டன. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போகும் கணவன் மனைவி இருவருக்கும் மாதம் 24 நாள் வேலை கிடைத்தால் முன்பு 21 வெள்ளி 60 காசு வரும். குறைப்புக்குப் பின் 17 வெள்ளி 28 காசு. அதுவும் 24 நாளும் வேலை இருந்தால்தான். 1932, 1933இல் பல தோட்டங்களில் ஆண் கூலி 30 காசுக்கும் கீழே போயிற்று. குறைந்த கூலிக்கு இசையாதவருக்கு முன்வைக்கப்பட்ட வழி, இலவசமாக ஊர் திரும்புவது. பட்டினியா பயணமா என்ற நிலையில் ஒருவர் கப்பலேறியதை அவர் விருப்பம் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வது நியாயமாகாது. ஆள்தோறும் நாள்தோறும் தலைக்காசு பெற்றுவந்த கங்காணிக்கும் வருமானம் கரைந்தது. தன் ஊர்க்காரர்களை நம்பிக்கை சொல்லி அழைத்துவந்தவர், அவர்கள் மூட்டை கட்டுவதைப் பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.

இந்தப் பயணச் செலவின் ஒரு பகுதி எங்கிருந்து வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதியாயிற்று. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் அதற்குப் பங்கு செலுத்தினார்கள். ஆட்களைக் கொண்டுவருவதற்கென்று திரட்டிய அந்த நிதியே மந்தம் வந்ததும் அவர்களைத் திருப்பியனுப்பவும் பயன்பட்டது. புதிய துறையோ புதிய சட்டமோ தேவைப்படவில்லை. இதற்கு மாறாக, அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் அரசு 1933 முதல் வேலையற்றோரைக் காடு வளர்க்கவும் சாலை போடவும் சம்பளத்துக்கு அமர்த்தியது. அங்கு வேலையிழந்தவர் வாக்காளர். இங்கு வேலையிழந்தவருக்கு வாக்குமில்லை, நிலமுமில்லை. கொள்கை இரண்டாகப் பிரிந்த இடம் இதுதான் என்பேன். திரும்பிப் போனவர்களுக்குத் தஞ்சையிலும் திருச்சியிலும் வேலை காத்திருக்கவில்லை. அங்கே நெல் விலையும் படுத்துக் கிடந்தது.

சீனர்களுக்கு வேறு வழி கையாளப்பட்டது. 1928இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1930 ஆகஸ்டில் பயன்படுத்தி, வந்திறங்கும் சீன ஆண் தொழிலாளரின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். 1933இல் அந்நியர் சட்டம் அதை இறுக்கியது. பெண்களுக்கு 1938 வரை வரம்பில்லாததால் அவர்கள் பெருமளவில் வந்தார்கள். அரசு எண்ணிப் பாராத விளைவு இது. சீனச் சமூகம் இங்கே குடும்பமாக வேரூன்ற இது பெரிதும் உதவியது.

அரிசிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த நாட்டில் நெல் விளைவிக்கும் எண்ணம் பிறந்ததும் இக்காலத்தில்தான். 1930இல் நெற்சாகுபடிக் குழு அமைந்தது. 1932இல் வடிகால் நீர்ப்பாசனத் துறை உருவானது. இன்றுவரை நிலைத்திருக்கும் நற்பயன் இது. தோட்டத் தொழிலாளருக்கோ, குடும்பத்துக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தர வேண்டுமென்ற பழைய சட்டவிதிதான் இருந்தது. கீரையும் மரவள்ளியும் அதில் விளையும். கூலிக்கு அது ஈடாகாது. அரசின் மற்றொரு நடவடிக்கையான, 1934இல் கொண்டுவந்த துணி இறக்குமதி வரம்போ இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்காக வந்தது. மலிவான ஜப்பான் துணி குறைந்ததில் அதை விற்ற பினாங்கு வியாபாரிக்கும் நட்டம், உடுத்திய ஏழைக்கும் நட்டம்.

1934 ஜூன் முதல் பன்னாட்டு ரப்பர் ஒழுங்குமுறை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. நாடுவாரியாக ஏற்றுமதிப் பங்கு, புதிய நடவுக்குத் தடை என்பவை அதன் கூறுகள். விலை அவ்வாண்டே 20 காசு அளவுக்கு ஏறியது. ஆனால் சிறுதோட்டக்காரர்களின் விளைச்சலை அதிகாரிகள் குறைத்து மதிப்பிட்டதால் அவர்களின் பங்கு பெருந்தோட்டங்களுக்குச் சாதகமாகச் சுருங்கியது. பின்னர் பொருளியலாளர் பீட்டர் பவர் இதைக் கடுமையாக விமர்சித்தார்.

விலை ஏறியதும் அதே 1934இல் ஆள்சேர்ப்பு மீண்டும் திறக்கப்பட்டது. பழைய 50, 40 காசுக் கூலி மட்டும் திரும்பவில்லை. இந்திய அரசு அனுப்பி 1936 டிசம்பரில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அந்தக் கூலியை மீட்டுத் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். அவர் அறிக்கை போதிய துணிவுடன் பேசவில்லை என்று மலாயா இந்தியர்கள் குறைப்பட்டார்கள். 1937இல் கூலி ஏறியது. 1938இல் ரப்பர் விலை மறுபடி தளர்ந்தபோது முதலாளிகள் பழைய வழியையே பிடித்தார்கள்: கூலி ஆணுக்கு 45 காசு, பெண்ணுக்கு 36 காசு என்று குறைக்கப்பட்டது. இம்முறை இந்திய அரசு பேச்சுவார்த்தையோடு நிற்கவில்லை. 1938 ஜூன் 15 முதல், பயண உதவி பெற்று மலாயாவுக்குக் கூலி வேலைக்குச் செல்வதைத் தடை செய்தது. வேண்டும்போது அழைத்து வேண்டாதபோது அனுப்பும் ஏற்பாடு அத்துடன் அறுந்தது. அதன்பின் தோட்டங்கள், லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளையே வேலைக்கு நம்ப வேண்டியதாயிற்று.