உணவு காத்த கலம்

உணவை ஆக்குவது ஒரு கலை. ஆக்கிய உணவைக் கெடாமற் காப்பது மற்றொரு கலை. முன்னதைப் பற்றி எழுதியோர் பலர். பின்னதைப் பற்றி எண்ணியோர் சிலரே. அதிலும் உணவைத் தாங்கி நிற்கும் கலத்தையும் அதன் மூடியையும் பொருட்படுத்தி நோக்குவோர் மிக அரியர். ஊறுகாய்ச் சாடியின் வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டி, ஈரக்கை படாமற் பார்த்துக்கொண்ட நம் பாட்டிமார் இதன் அருமையைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அதனை உலகம் அறிவியலாக அறிந்துகொண்ட வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை, நெடுங்கடற் பயணம் மேற்கொண்ட ஐரோப்பிய மாலுமிகளுக்கு வாய்த்த உணவு பெரும்பாலும் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே. அவற்றைத் தாங்கியவை மரப்பீப்பாய்களும் சாக்குப் பைகளும் ஆகும். பீப்பாய் கசிந்தால் இறைச்சி அழுகும். பையில் ஈரம் புகுந்தால் ரொட்டி பூசணம் பூக்கும். உணவு கெட்டதற்குக் கலமும் ஒரு காரணமாயிற்று.

இக்குறையைத் தீர்க்க வழி கண்டவர் பாரிஸ் நகரில் இனிப்புப் பண்டம் செய்து விற்ற நிக்கொலா அப்பேர் (1749–1841) என்பார். அவர் உணவைக் கண்ணாடிப் புட்டிகளில் இட்டு, தக்கையால் இறுக அடைத்து, கம்பியால் கட்டி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். செய்முறையை நூலாக வெளியிடவேண்டும் என்னும் நிபந்தனையுடன் 1810ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்குகள் வழங்கியது. அந்நூலில் புட்டிகளைப் பற்றியும் தக்கைகளைப் பற்றியும் அவர் தனித்தனியே விரித்துரைத்தார். நுண்ணுயிர்களே உணவைக் கெடுப்பவை என்பதை லூயி பாஸ்டர் 1860களிலேயே நிறுவினார். காரணம் விளங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, வெப்பமும் அடைப்பும் இணைபிரியா இரட்டையர் என்பதை அப்பேர் கண்டுகொண்டது வியப்பன்றோ!

அதே 1810ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூரண்டு என்பவர் தகரம் உள்ளிட்ட கலங்களுக்குக் காப்புரிமை பெற்றார். பிரையன் டான்கின் முதலியோர் இலண்டனில் ஆலை நிறுவி, 1813 முதல் தகரக் குவளைகளில் அடைத்த இறைச்சியைக் கடற்படைக்கு வழங்கினர். கண்ணாடி உடையும், தகரம் உடையாது. ஆனால் அதனைத் திறக்க உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தன. குவளை திறக்கும் கருவி தோன்றியது 1850களிலேதான்.

இவ்வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. ஸ்டீபன் கோல்ட்னர் என்பவர் பிரிட்டிஷ் கடற்படைக்கு மலிவான விலையில் குவளை உணவு வழங்கிவந்தார். 1852ஆம் ஆண்டில் கோஸ்போர்ட்டுக் கிடங்கில் அவர் அனுப்பிய குவளைகளைத் திறந்து பார்த்தபோது பெரும்பாலானவை அழுகி நாறின. ஒரு குவளையில் அடைக்கும் அளவைப் பெருக்கியதால் வெப்பம் நடுப்பகுதியைச் சென்றடையவில்லை. வெளியே பளபளப்பு, உள்ளே நஞ்சு. கரைகாணாக் கடலில் பசித்திருக்கும் மாலுமி அதனைத் திறந்த பின்னரன்றோ உண்மையை அறிவான்!

இதனால் நாம் பெறும் பாடம், கலமும் செய்முறையும் உணவின் இயல்புக்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்பதே. பறித்த பின்னும் பழம் மூச்சுவிடுகிறது. ஆதலின் அதன் பெட்டிக்குக் காற்றுத் துளை வேண்டும். பால்மாவு ஈரத்தை ஈர்க்கும். ஆதலின் அதன் குவளைக்குத் துளையே ஆகாது. எண்ணெய்க்கு ஒளியும் காற்றும் பகை. நெல்லுக்குச் சணற்சாக்கு பொருந்தும், நெய்க்குப் பொருந்தாது. இத்தகைய ஆய்வுக்கென நம் நாட்டில் 1950ஆம் ஆண்டில் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும், 1966ஆம் ஆண்டில் பம்பாயில் இந்தியப் பொதியியல் நிறுவனமும் தோன்றின. உழவன் வியர்வை சிந்தி விளைத்தது உண்பவன் இலையை அடையுமுன் வழியில் வீணாகுமாயின், அது நாட்டின் இழப்பு மட்டுமன்று. ஓர் ஏழையின் கவளமும் ஆகும்.

உறையை வெறும் அழகென்று கருதுதல் பிழை. அது, கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நமக்கு எழுதித்தரும் உறுதிமொழி. உப்பிப் புடைத்த குவளை, உள்ளே நுண்ணுயிர் பெருகியதைக் காட்டும் எச்சரிக்கையாகும். விலை கொடுத்ததாயினும் அதனைச் சுவைத்தும் பாராது எறிந்துவிடுதலே அறிவுடைமை. கலத்தை மூடும் கை, உண்ணும் வாயைக் காண்பதில்லை. காணாத அவ்வாய்க்காகவும் செம்மையாக மூடுவதே தொழிலறம். பாட்டி கட்டிய வேடும் அவ்வறத்தின்பாற்பட்டதே எனலாம்.